அப்பாவின் நித்திரைப் பரிசோதனை: ஒரே தலை, இரண்டு றிப்போர்ட். எதை நம்புவது?

கோப்பாய்க்காரன்

எல்லாருக்கும் வணக்கம். விஷயம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 67 வயது. குறட்டை எங்கள் வீட்டில் புதினம் இல்லை, பக்கத்து வளவு நாய்கூட அதற்குப் பழகிவிட்டது. ஆனால் போன வருடம் தொடக்கம் குறட்டை இடையில் நின்றுபோகிறது. அம்மா எழும்பி இருந்து எண்ணுவா. இருபது, முப்பது எண்ணும்வரைக்கும் மூச்சு இல்லை. பிறகு ஒரு பெரிய இழுவை, கட்டிலே ஆடும். பகலில் கதிரையில் இருந்தபடியே நித்திரை. கையில் பேப்பர் விரிந்திருக்கும், கண் மூடியிருக்கும்.

கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய், தலை முழுக்க வயர் ஒட்டி ஓர் இரவு பரிசோதித்தோம். நித்திரை 5 மணித்தியாலம். மூச்சுத்தடையும் மூச்சுக்குறைவும் சேர்த்து 205 தடவை, அதாவது மணிக்கு 41. ஒட்சிசன் 78 வரைக்கும் இறங்கியிருக்கிறது. ஆழ்ந்த நித்திரை (என்3 என்று போட்டிருக்கிறார்கள்) 3 வீதம். நோய் கடுமை, மெஷின் வேண்டும் என்றார்கள்.

விலையைக் கேட்டதும் கனடாவில் இருக்கும் அண்ணா இன்னொரு இடத்திலும் பார்க்கச் சொன்னார். ஐந்து மாதம் கழித்து வேறொரு இடம். அங்கே நித்திரை 6 மணித்தியாலம், 174 தடவை, மணிக்கு 29. ஒட்சிசன் 81. என்3 மட்டும் 19 வீதம்!

அம்மா அந்த 3 வீதத்தைப் பிடித்துக்கொண்டு மூளை பழுதாகிறதோ என்று அழுகிறா. அப்பா 19 வீதத்தைப் பிடித்துக்கொண்டு ‘உங்கள் எல்லாரையும்விட நான் வடிவாக நித்திரை கொள்கிறேன்’ என்கிறார். மூளை அலையை அளப்பது இவ்வளவு ஆட்டமான வேலையா? இரண்டில் எது சரி?

சூரிச்_அண்ணை

தம்பி, வயர் ஒட்டிக்கொண்டு புது இடத்தில் படுத்தால் யாருக்கு நித்திரை வரும்? நான் மூன்று வருடமாகக் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டுதான் படுக்கிறேன். ஒவ்வொரு காலையும் ஆழ்ந்த நித்திரை எத்தனை நிமிடம் என்று சொல்லும். நேற்று 1 மணி 52 நிமிடம். சொந்தக் கட்டில், சொந்தத் தலையணை. ஒன்று வாங்கிக் கொடுங்கள், அலைச்சல் மிச்சம்.

மின்வாய்

நான் பதினொரு வருடம் இரவு வேலையாக மற்றவர்களின் தலையில் வயர் ஒட்டியவள். இப்ப யாழ்ப்பாணத்தில் ஓய்வாக இருக்கிறேன். முதலில் அண்ணைக்கு: உங்கள் மணிக்கூடு மூளையை அளக்கவில்லை. பச்சை வெளிச்சம் அடித்து நாடியைப் பார்க்கிறது, கை அசைவைப் பார்க்கிறது, அவற்றை வைத்து ஊகிக்கிறது. மூச்சுத்தடை இருப்பவருக்கு மூச்சு நிற்கும்போது நாடி மெதுவாகி, மூச்சு வரும்போது குதிக்கும். அதாவது ஊகத்துக்கு வைத்திருக்கும் சாமானே குழம்பிப்போயிருக்கும். வேறு யாருக்கும் சரிவந்தாலும் தம்பியின் அப்பாவுக்கு அது சரிவராது.

இப்ப தம்பிக்கு. மூளை அலை ஒன்று, அதற்கு நாங்கள் போடும் பெயர் இன்னொன்று. மெஷின் எழுதுவது அலையை மட்டும்தான். என்1 (மெல்லிய நித்திரை), என்2 (நடுத்தரம்), என்3 (ஆழம்), ரெம் (கனவு நித்திரை) என்பதெல்லாம் பிறகு ஒரு மனிதர் கணினி முன்னால் இருந்து, இரவை 30 செக்கன் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒட்டுகிற லேபிள். 8 மணித்தியாலப் பதிவு என்றால் 960 துண்டு. அதிகாலை நாலு மணிக்கு 700ஆவது துண்டைப் பார்க்கிறவரின் கண் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த 30 செக்கன்கூட மூளை சொன்ன கணக்கு இல்லை. அந்தக் காலத்தில் மை பேனை ஓடும் கடதாசி, செக்கனுக்கு 10 மில்லிமீற்றர் வேகம். ஒரு பக்கம் 30 சென்ரிமீற்றர். 1968இல் விதிகளை எழுதியபோது அந்தப் பக்கக் கணக்குத்தான் நிலைத்தது. கடதாசி போய்விட்டது, பக்கம் போகவில்லை.

சாதாரண ஆளுக்கு இதனால் பெரிய கரைச்சல் இல்லை. அவர் அரை மணித்தியாலம் ஒரே கட்டத்தில் கிடப்பார். உங்கள் அப்பாவுக்கு மணிக்கு 41 என்றால் சராசரி 88 செக்கனுக்கு ஒரு தடவை மூச்சு அடைபடுகிறது. மூச்சு நிற்கும், மூளை திடுக்கிட்டு எழும்பும், நாலு பெருமூச்சு, திரும்ப அமரும். ஒரே பக்கத்துக்குள் 12 செக்கன் நித்திரை, 8 செக்கன் விழிப்பு, மிச்சம் இரண்டும் கெட்டான். அதற்கு ஒரே ஒரு பெயர் போட வேண்டும். ஒருவர் என்1 போடுவார், அடுத்தவர் என்2 போடுவார். இரண்டு பேரும் விதிப்படிதான் நடந்திருப்பார்கள்.

இன்னொன்று. என்2 என்று சொல்ல இரண்டு அடையாளம்: ஸ்பிண்டில் (வேகமான சின்ன அலைக்கொத்து) அல்லது கே-கொம்ப்ளெக்ஸ். கே-கொம்ப்ளெக்ஸ் என்பது ஒரு பெரிய கூர் அலை. சத்தம் கேட்டாலும் வரும், மூச்சு அடைபட்டாலும் வரும். அதோடு விழிப்பு ஒட்டி வந்தால் அதை என்2க்குக் கணக்கில் எடுக்கக்கூடாது. விழிப்பு வந்துவிட்டால் அடுத்த நல்ல அடையாளம் வரும்வரைக்கும் என்1க்குப் பின்போக வேண்டும். அப்பா மாதிரி ஆட்களில் இந்தத் தீர்ப்பு இரவில் நூறு, இருநூறு தடவை. சண்டை முழுக்க அதிலேதான்.

தம்பி, இரண்டு கேள்வி. இரண்டாவது இடத்தில் ஏசி போட்டிருந்ததா? அப்பா தலைக்கு எண்ணெய் வைத்தவரா?

பழைய_வாத்தியார்

நல்ல விளக்கம், பிள்ளை. இலக்கத்தோடு கொஞ்சம் சேர்க்கிறேன். ஓய்வு பெற்ற விஞ்ஞான வாத்தி, கை சும்மா இராது.

அமெரிக்க நித்திரை மருத்துவக் கழகம் ஒரே பதிவுத் துண்டுகளை 2,500க்கு மேற்பட்ட ஆட்களிடம் கொடுத்து லேபிள் போடச் சொன்னது. 2013இல் வெளியான முடிவு: மொத்தத்தில் 82.6 வீதம் ஒத்துப்போனது. ரெம் 90.5. என்2 85.2. ஆனால் என்3 67.4தான், என்1 63. தம்பியின் வீட்டில் அழுகைக்கும் வீறாப்புக்கும் காரணமான என்3, நூறு துண்டில் 33 துண்டுக்கு ஆட்கள் முரண்படுகிற சாமான்!

82 என்றதும் பரீட்சைப் புள்ளி மாதிரி யோசிக்க வேண்டாம். இரவில் ஏறத்தாழப் பாதி என்2. கண்ணை மூடிக்கொண்டு எல்லாத் துண்டுக்கும் என்2 என்று எழுதுகிறவன்கூடப் பாதியளவு சரி எடுத்துவிடுவான். அந்தக் குருட்டு அதிர்ஷ்டத்தைக் கழித்துப் பார்க்கத்தான் கப்பா என்று ஒரு கணக்கு. 2009இல் ஐரோப்பாவில் பார்த்தபோது 82 வீத ஒத்திசைவுக்குக் கப்பா 0.76. மோசமில்லை, ஆனால் சத்தியம் பண்ணுகிற அளவும் இல்லை.

நோயாளிகளைத் தனியாகவும் பார்த்திருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டு வந்த ஓர் ஆய்வில் மூன்று நிலையங்களைச் சேர்ந்த ஐந்து பேர் 62 பதிவுகளைப் படித்தார்கள். சுகமானவர்களில் 76 வீதம் ஒத்தது, மூச்சுத்தடைக்காரரில் 71.

இடைச்செருகல்: ஸ்பிண்டிலுக்கு ‘கதிர்’ என்றால் என்ன குறை? நூல் நூற்கிற கதிர் மாதிரியே மெலிந்து, பருத்து, மெலிகிற அலை. மானிப்பாயில் டொக்டர் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வைத்தியத்தைத் தமிழில் படிப்பித்தவர். நாங்கள் இன்னும் ஸ்பிண்டில், ஸ்பிண்டில் என்கிறோம்.

சூரிச்_அண்ணை

அப்ப இவ்வளவு காசு கொடுத்து எடுக்கிற பரிசோதனையும் ஊகம்தானா? என் மணிக்கூட்டை மட்டும் ஏன் திட்டுகிறீர்கள் :)

கோப்பாய்க்காரன்

அக்கா, ஏசி இருந்தது. அப்பாதான் ‘குளிர் எனக்கு ஒத்துவராது’ என்று சொல்லி நிற்பாட்டிவிட்டார். ஃபானும் காலடியில்தான். ஏப்ரல் மாதம், வெக்கை சொல்லி வேலையில்லை. எண்ணெய்... முதல் நாள்தான் நல்லெண்ணெய் வைத்துத் தோய்ந்தவர். எண்ணெய் படாத தலையோடு பயணம் போகமாட்டார். அங்கே ஒட்டிய பிள்ளை ஏதோ மணல் மாதிரிக் களியால் உரஞ்சிப் பார்த்துவிட்டு ‘ஐயா, எண்ணெய் கனக்க’ என்று சொன்னது. நடு இரவில் இரண்டு வயர் கழன்று திரும்ப ஒட்டினார்களாம்.

முதல் இடத்தில் ஏசி விறைக்க விறைக்க. ஏன் கேட்கிறீர்கள்?

மின்வாய்

நினைத்தேன்.

தலையின் மேல் வருகிற அலை மைக்ரோவோல்ட் கணக்கு. டோர்ச் பற்றரி ஒன்று 1.5 வோல்ட். ஆழ்ந்த நித்திரைக்கு நாங்கள் தேடுகிற பெரிய அலைகூட 75 மைக்ரோவோல்ட். அந்த பற்றரியை இருபதாயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு. தோலுக்கும் மின்வாய்க்கும் (வயரின் நுனியில் ஒட்டுகிற வில்லை) இடையில் தடை 5 கிலோஓமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது விதி. எண்ணெய்ப் படை இருந்தால் அந்தத் தடை ஏறும். ஏறினால் சுவரில் ஓடுகிற 50 ஹேர்ட்ஸ் கரண்ட்கூட உள்ளே வந்து குந்திக்கொள்ளும். அதையாவது கண்டுபிடித்துவிடலாம், புல்லு மாதிரி அடர்த்தியாகத் தெரியும்.

வியர்வைதான் கள்ளன். வியர்வையில் இருக்கிற உப்பு மின்வாய்க்கும் தோலுக்கும் இடையிலான மின்னழுத்தத்தை மெதுவாக ஆட்டும். திரையில் பார்த்தால் பெரிய, மெதுவான அலை. ஆழ்ந்த நித்திரையின் அலை எப்படி? அதுவும் பெரியது, அதுவும் மெதுவானது. அவசரமாகப் பக்கம் தள்ளுகிறவருக்கும் கணினி நிரலுக்கும் அது என்3 போலவே தெரியும். ஒரு பக்கத்தில் 6 செக்கன் அப்படி இருந்தாலே போதும், 20 வீதம் என்பதுதான் விதி, முழுப் பக்கமும் என்3 ஆகிவிடும்.

அதனால் தம்பி, எனக்குச் சந்தேகம் அம்மாவை அழவைத்த 3 வீதத்தில் குறைவு. அப்பாவைச் சிரிக்கவைத்த 19 வீதத்தில்தான் கூட.

அதற்காக 3 வீதத்தை அப்படியே விழுங்கவும் வேண்டாம். வயது போகப் போக மெதுவலையின் வீச்சம் (அலையின் உயரம்) குறையும், ஆண்களுக்கு இன்னும் கூட. 70 மைக்ரோவோல்ட்டில் வந்தால் விதிப்படி அது எண்ணிக்கையில் இல்லை. அலை இருக்கிறது, அளவுகோலை எட்டவில்லை. அதை மூளை பழுது என்று யாரும் வாசிக்கக்கூடாது. அம்மாவுக்குச் சொல்லுங்கள்.

சந்தேகம் தீர்க்க ஒரு வழி இருக்கிறது. இரண்டாவது இடத்தில் மூலப் பதிவை ஈடிஎஃப் கோப்பாகக் கேளுங்கள். பிடிஎஃப் றிப்போர்ட் இல்லை, முழு அலைப் பதிவு. திறந்து பார்க்க இலவச மென்பொருள் இருக்கிறது. என்3 என்று போட்ட ஒரு பக்கத்தை எடுத்து நெற்றிப் பக்கத்து அலையையும் நெஞ்சுப் பட்டியின் மூச்சு அலையையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வையுங்கள். பிறகு 30 செக்கனில் எத்தனை ஆட்டம் என்று விரலால் எண்ணுங்கள். உண்மையான மெதுவலையின் மீடிறன், அதாவது செக்கனுக்கு எத்தனை ஆட்டம் என்பது, 0.5 தொடக்கம் 2 ஹேர்ட்ஸ். மிக மெதுவானது என்றாலும் பக்கம் முழுக்க ஓடினால் 15 ஆட்டமாவது இருக்க வேண்டும்.

சாவகச்சேரி_முகமூடி

நான் நாலு வருடமாக சீபாப் மெஷின் (முகமூடி வழியாகக் காற்று அடிக்கிறது) பாவிக்கிறேன். என் றிப்போர்ட்டில் என்3 பூச்சியம் என்று போட்டிருந்தது. மெஷின் போட்ட முதல் கிழமை கிணற்றுக்குள் விழுந்த மாதிரி நித்திரை. மனிசி இரண்டு தடவை மூக்கில் கை வைத்துப் பார்த்தவ, ஆள் உயிரோடதானா என்று. அந்த வீதத்தைப் பிறகு நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. கரண்ட் போனால்தான் பிரச்சினை, பற்றரி ஒன்று கட்டாயம் வைத்திருங்கள்.

வடமராட்சிப்_பிள்ளை

மருத்துவம் படித்து முடித்துப் பயிற்சியில் இருக்கிறேன். சாவகச்சேரி ஐயா சொன்ன கிணறு உண்மை. பல மாதமாகக் கிடைக்காத ஆழ்ந்த நித்திரையையும் ரெம்மையும் மூளை முதல் சில இரவுகளில் சேர்த்துப் பிடிக்கும். சீபாப்பை 1981இல் சிட்னியில் கொலின் சலிவன் அறிமுகப்படுத்தினார். அடைபட்ட தொண்டையைக் காற்றழுத்தத்தால் திறந்து வைத்திருப்பதுதான் அதன் வேலை.

நான் சொல்ல வந்தது மணிக்கு 41, மணிக்கு 29 என்பதைப் பற்றி. 30ஐத் தாண்டினால் கடுமை, 15 தொடக்கம் 30 வரை நடுத்தரம். பார்த்தால் ஒரு படி இறங்கிய மாதிரி இருக்கிறது. ஆனால் அந்த வகுத்தலில் கீழே இருக்கிற இலக்கம் நித்திரை மணித்தியாலம். அதை யார் தீர்மானிக்கிறார்கள்? மூளை அலைக்கு லேபிள் போட்டவர்தான். முதல் இரவின் அதே 205ஐ ஆறரை மணித்தியாலத்தால் வகுத்தால் 31.5. வீட்டில் செய்கிற சின்னப் பரிசோதனையில் மூளை வயரே இல்லை, அதனால் பதிவு ஓடிய முழு நேரத்தாலும் வகுப்பார்கள். 8 மணித்தியாலம் என்றால் 25.6. ஆள் ஒன்று, மூச்சு அடைபட்ட எண்ணிக்கை ஒன்று, நோயின் பெயர் மட்டும் மாறுகிறது.

மேலே இருக்கிற இலக்கமும் கல்லில் பொறித்தது இல்லை. மூச்சு முழுதாக நிற்காமல் குறைந்துபோவதை எண்ண, ஒட்சிசன் 3 வீதம் இறங்க வேண்டும் அல்லது மூளை விழித்திருக்க வேண்டும் என்பது ஒரு விதி. 4 வீதம் இறங்கினால்தான் எண்ணுவோம், விழிப்பைப் பார்க்கமாட்டோம் என்பது இன்னொரு விதி. இரண்டு றிப்போர்ட்டிலும் எந்த விதி என்று பாருங்கள், அடியில் சின்ன எழுத்தில் இருக்கும்.

விழிப்பு என்பதும் 3 செக்கனாவது நீடிக்க வேண்டும், அதற்கு முன் 10 செக்கன் நித்திரை இருந்திருக்க வேண்டும் என்று 1992இல் வகுத்தது. இரண்டரைச் செக்கன் திடுக்கிட்டால் கணக்கில் இல்லை. சில வேளை தலை மேல் ஓர் அசைவும் தெரியாமல் இதயம் மட்டும் துள்ளும். மூளையின் அடியில் நடந்த விழிப்பு, மேல் மின்வாய்க்கு வந்து சேரவில்லை.

பழைய_வாத்தியார்

அதோடு அப்பா எந்தப் பக்கம் படுத்தவர் என்பதும் இருக்கிறது. நிமிர்ந்து படுத்தால் நாக்கு பின்னால் விழும், அடைப்பு கூடும். தம்பி அதையும் பாரும்.

சூரிச்_அண்ணை

சரி, மணிக்கூட்டை விட்டுவிடுகிறேன். அப்படியென்றால் வீட்டில் செய்கிற சின்னப் பரிசோதனையே போதாதா? மூளை அலைதான் இவ்வளவு ஆட்டம் என்றால் அதை அளக்காமலே விடலாமே.

வடமராட்சிப்_பிள்ளை

அண்ணை, குறட்டை, பகல் நித்திரை, பிறர் கண்ட மூச்சு நிறுத்தம் எல்லாம் இருக்கிற, வேறு பெரிய நோய் இல்லாத பெரியவர்களுக்கு அது போதும் என்பதுதான் இப்போதைய வழிகாட்டல். தம்பியின் அப்பாவுக்கும் முதலிலேயே அதைச் செய்திருக்கலாம், அலைச்சல் குறைந்திருக்கும். ஆனால் அதில் ‘இல்லை’ என்று வந்தால் அதை நம்பி இருந்துவிடக்கூடாது. மெல்லிய ஆட்கள், இளம் பெண்கள் போன்றவர்களில் ஒட்சிசன் பெரிதாக இறங்காது, மூளை மட்டும் இரவு முழுக்க விழித்து விழித்து எழும்பும். மூளை வயர் இல்லாமல் அதைப் பிடிக்க ஏலாது.

மின்வாய்

எனக்கு இதில் ஒரு சின்னக் கோபம் உண்டு. அலையைக் குறை சொல்ல வேண்டாம். சுகமான ஆட்களை இரவுக்கு இரவு அளந்து, அலைகளின் மீடிறன் வாரியான வலுவைக் கணித்துப் பார்த்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு வடிவம் கைரேகை மாதிரித் திரும்பத் திரும்ப வருகிறது. ஆட்டம் எல்லாம் அலையைத் துண்டு போட்டுப் பெயர் வைக்கிற இடத்தில். அதனால்தான் கனடாவில் யூனஸ் என்பவரின் குழு 2015இல், ஐந்து பெட்டிக்குள் போடாமல் மூன்று செக்கனுக்கு ஒரு தடவை நித்திரையின் ஆழத்தை 0 தொடக்கம் 2.5 வரை இலக்கமாகவே சொல்கிற முறை ஒன்றைக் கொண்டுவந்தது. மூச்சுத்தடைக்காரருக்கு அப்படி ஒன்றுதான் பொருத்தம் என்பது என் எண்ணம். பழைய முறையில் ஊறினவர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

கோப்பாய்க்காரன்

மூன்று கிழமை கழித்து வருகிறேன், மன்னியுங்கள். அந்த ஈடிஎஃப் கோப்பை வாங்கவே இரண்டு கிழமை. ‘இதுவரை ஒருவரும் கேட்டதில்லை’ என்றார்கள்.

அக்கா சொன்ன மாதிரி அதிகாலை 2.10க்கு என்3 என்று குறித்த பக்கத்தைத் திறந்தேன். நெற்றி அலை மெதுவாக ஏறி இறங்குகிறது, பார்க்க வடிவாகத்தான் இருக்கிறது. விரலால் எண்ணினேன். 30 செக்கனுக்கு 8 ஆட்டம். திரும்ப எண்ணினேன், 8. கீழே நெஞ்சுப் பட்டியின் மூச்சு அலை, அதுவும் 8. மேடு ஏறுகிற இடத்தில் மேடு, இறங்குகிற இடத்தில் இறக்கம். அடுத்த பத்துப் பக்கமும் அதே கதை. இடது காதின் பின்னால் ஒட்டிய வயர் சேர்ந்த அலைகளில்தான் ஆட்டம் பெரிது.

முதல் இரவில் அப்பா முக்கால்வாசி நேரம் நிமிர்ந்து படுத்திருக்கிறார், இரண்டாம் இரவில் கூடுதலாகப் பக்கவாட்டில். வாத்தியார் ஐயா சொன்னது சரி.

மின்வாய்

8 ஆட்டம் என்றால் 0.27 ஹேர்ட்ஸ். மூளையின் மெதுவலை அந்த அளவு மெதுவாக வராது. தலையணையில் காது அழுத்தி, வியர்த்து, மூச்சோடு சேர்ந்து மின்வாய் அசைந்திருக்கிறது. மரியாதையாக ஒரு கடிதம் எழுதி அந்தப் பக்கங்களைத் திரும்பப் படிக்கச் சொல்லுங்கள். நல்ல இடம் என்றால் செய்வார்கள்.

கோப்பாய்க்காரன்

செய்தார்கள் அக்கா. வேறொருவர் படித்தாராம். என்3 இப்ப 6 வீதம். கழித்ததில் பெரும்பகுதி என்2க்குப் போயிருக்கிறது. மொத்த நித்திரை 6 மணித்தியாலத்தில் மாற்றமில்லை, மூச்சுத்தடையும் அதே 29. ஒட்சிசனும் அதேதான்.

டொக்டரிடம் இரண்டையும் கொண்டு போனோம். அவர் என்3 பக்கத்தைப் பார்க்கவே இல்லை. 78ஐயும் 81ஐயும் விரலால் தட்டிக்காட்டி, ‘இது இரண்டு இரவும் நடந்திருக்கிறது, ஐயா’ என்றார். மெஷின் வாங்கியாயிற்று. அம்மா இப்ப எண்ணுவதில்லை. சத்தம் இல்லாததால் தனக்கு நித்திரை வருவதில்லை என்று புதுக் குறை.

அப்பா ஒரு கேள்வி கேட்கச் சொன்னார்: முகமூடி போட்டால் தலைக்கு எண்ணெய் வைக்கலாமா?

சாவகச்சேரி_முகமூடி

தலைக்கு வைக்கலாம். முகத்தில் வழிய விட்டால்தான் பிசகு. சிலிக்கன் வழுக்கிக் காற்று கண்ணுக்குள் அடிக்கும். படுக்க முதல் முகத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.